மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பந்து

குணவதி கோல்ஃப் விளையாட வந்ததே சண்டை போடப் போன இடத்தில்தான்.

கூலிம் தொழிற்பேட்டையில் அவள் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறாள். விடியுமுன் காலை ஷிஃப்டுக்காரர்களை இறக்கிவிட்டு, இரவு வேலை முடித்தவர்களை வீடுகளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால், மதியம் வரைக்கும் வண்டிக்கும் வேலையில்லை, அவளுக்கும் வேலையில்லை. பந்தடித்துப் பழகும் திடல் ஒன்றின் வேலியோரம் நல்ல நிழல். பஸ்ஸை அங்கே நிறுத்திவிட்டு ஒரு தூக்கம் போடுவாள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள் வேலியைத் தாண்டி வந்த பந்து ஒன்று பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைத் தூளாக்கியது. கீழே குதித்து இறங்கிய குணவதி போட்ட சத்தத்தில், திடலை நடத்திய சீன முதலாளியான தவுக்கே புதுக் கண்ணாடி வாங்கித் தருவதாக உடனே ஒப்புக்கொண்டார். அப்படியும் அவள் அடங்கவில்லை. அவர் ஒரு வாளி நிறையப் பந்தையும் ஒரு மட்டையையும் அவள் கையில் கொடுத்து, கோபம் தீர்கிற வரைக்கும் இதை அடி என்றார்.

பதினெட்டு பந்து இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பத்தொன்பதாவது பந்து பட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம். கையில் ஒன்றுமே தெரியவில்லை. பந்து மட்டும் எதிரே இருந்த மின்கம்பிக்கு மேலே ஏறி, வெள்ளைப் புள்ளியாகி, எங்கோ தூரத்தில் விழுந்தது. குணவதி திரும்பிப் பார்த்தாள். தவுக்கே பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். அன்று மதியம் ஷிஃப்டுக்கு அவள் பஸ் ஐந்து நிமிடம் தாமதமாகப் போனது. இருபது வருட ஓட்டத்தில் அதுதான் முதல் தடவை.

இப்போது அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் மெராந்தித் தோட்டத்து ஒன்பது குழித் திடலில் விளையாடுகிறாள். துரைமார் காலத்துத் திடல் அது. இன்று டயர் கடைக்காரர், நர்சு, வாத்தியார், பஸ் டிரைவர் என்று பலதரப்பட்ட முப்பது நாற்பது பேர் சேர்ந்து ஒரு கிளப்பாக நடத்துகிறார்கள். குணவதி அடித்தால் பந்து தூரம் போகும். எந்தப் பக்கம் போகும் என்பது பந்துக்கே தெரியாது.

ஆண்டுக் கடைசி மழையில் திடலின் தாழ்வான குழிகள் தண்ணீரில் மூழ்கிவிடும். பொங்கல் கழிந்து, வெயில் ஏறி, தரை இறுகிய பிறகுதான் வருடத்தின் முதல் போட்டி. மூன்று மாதமாக மட்டையைத் தொடாதவர்கள் எல்லாரும் பிப்ரவரியில் கையரிப்போடு வந்து நிற்பார்கள். இந்த வருடம் செயலாளர் ஷாமளா ஒரு புது யோசனை கொண்டுவந்தார். ஜோடி ஆட்டம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. ஒருவர் அடித்தால் அடுத்த அடி மற்றவருடையது. கிடக்கிற இடத்திலிருந்து மாறி மாறி அடித்துக்கொண்டே போக வேண்டும். யாருக்கு யார் ஜோடி என்பது சீட்டுக் குலுக்கலில்.

ஷாமளா மைலோ டின்னைக் குலுக்கும்போது குணவதி சிரில் அண்ணன் பெயர் வர வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுக்கொண்டாள். சிரில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதறாத மனிதர். பந்தைத் தாலாட்டுகிற மாதிரி அடிப்பார்.

ஷாமளா சீட்டைப் பிரித்தார். "குணவதி அக்காவுக்கு ஜோடி... ஃபெலிசியா!"

கூட்டமே ஓவென்று கத்தியது. ஃபெலிசியா குணவதியின் மருமகள்.

மகன் ஜெயகுமார் அவளைக் கட்டி பதினான்கு மாதம் ஆகிறது. காலையில் தேவாலயத்தில் ஒரு தடவை, சாயந்தரம் கோயிலில் ஒரு தடவை என்று இரண்டு கல்யாணம். ஃபெலிசியா தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே கோல்ஃப் ஆடியவள். அக்டோபரில்தான் கிளப்பில் சேர்ந்தாள். தங்கமான பெண். அதுதான் குணவதிக்குச் சிக்கல். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைக் கழுவி, துடைத்து, "தேங்க்ஸ் அத்தே" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஹோட்டலுக்கு வந்தவள் மாதிரி. சாம்பாரில் உப்பு போட மறந்த நாளில்கூட "நல்லா இருக்கு அத்தே" என்றாள். இவளிடம் எதைப் பேசுவது, எப்படிப் பேசுவது என்று பதினான்கு மாதமாகியும் குணவதிக்குப் பிடிபடவில்லை.

ஞாயிறு காலை ஏழரைக்கு முதல் குழி. பத்தொன்பது ஜோடி. இவர்களோடு சேர்ந்து நடந்தது சிரிலும் அவருக்கு ஜோடியாக விழுந்த அய்யாவுவும். அய்யாவு டயர் கடைக்காரர். வாய் ஓயாது. ஒரு ஜோடியின் கணக்கை மற்ற ஜோடி எழுத வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் அடி ஃபெலிசியாவுடையது. அளந்து பிடித்த மாதிரி நேராக, பதவிசாக நூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போய் நடுப்புல்லில் நின்றது. அடுத்தது குணவதி. மூன்று மாதத்து ஆசையையும் சேர்த்து வைத்து வீசினாள். பந்து அழகாக எழுந்து, அழகாக வளைந்து, வலதுபக்க ரப்பர் மரங்களுக்குள் மறைந்தது. மரத்தில் மோதும் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

"சாரி லா" என்றாள் குணவதி.

"பரவால்ல அத்தே."

ஃபெலிசியா மரத்தடியிலிருந்து பந்தை வெளியே எடுத்துவிட்டாள். அந்தக் குழி முடிய எட்டு அடி.

இரண்டாம் குழியில் முதல் அடி குணவதியுடையது. பின்னால் வந்த ஜோடிகள் எல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீசினாள். மட்டை காற்றைக் கிழித்தது. பந்து வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"ஃபேன் போட்ட மாதிரி ஜில்லுனு இருக்குக்கா" என்றார் அய்யாவு.

படாமல் போனாலும் அது ஒரு அடிதான். ஆகவே அடுத்தது மருமகளின் முறை. ஃபெலிசியா வந்து, குணவதி நட்டு வைத்த ஆணிமேல் இருந்த பந்தை ஒன்றும் சொல்லாமல் நேராக அடித்தாள். "பரவால்ல அத்தே" என்றாள் மறுபடி. குணவதிக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது.

நான்காம் குழியில் இலை. மாசி மாதம் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கிற காலம். திடலின் அந்தப் பக்கம் பழைய ரப்பர் மலையை ஒட்டி இருந்ததால், தரை முழுக்கச் செம்பழுப்பு இலை கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. குணவதியின் பந்து அதற்குள் போய் விழுந்தது. தேடுவதற்கு மூன்று நிமிடம்தான் அவகாசம். நான்கு பேரும் காலால் இலையைக் கிளறினார்கள். சரசரவென்று ஒரே சத்தம். சிரில் ஒரு மஞ்சள் பந்தைக் கண்டெடுத்தார். அய்யாவு இரண்டு பழைய பந்தும் ஒரு ஒற்றைச் செருப்பும் கண்டெடுத்தார். குணவதியின் பந்து மட்டும் கிடைக்கவில்லை. தண்டனையாக ஒரு அடி கூட்டிக்கொண்டு, ஆரம்பித்த இடத்துக்கே ஃபெலிசியா திரும்பி நடந்து போய் அடித்தாள்.

ஐந்தாம் குழி முடிந்தபோது கணக்கு அட்டையைப் பார்க்கவே குணவதிக்குக் கூசியது. கடைசி இடம் நிச்சயம் என்று தோன்றிவிட்டது.

ஆறாம் குழி சின்னது. மேட்டிலிருந்து கீழே பார்த்து அடிக்க வேண்டும். நல்ல அடி ஒன்றிலேயே கொடிக்குப் பக்கத்தில் போய்விடலாம். குணவதி இந்தத் தடவை மனம் வெறுத்துப் போய் மெதுவாக வீசினாள். டிக். அதே சத்தம். பந்து, கொடி நட்ட வழவழப் புல்தரையான கிரீனுக்கு ரொம்ப முன்னாலேயே விழுந்தது. ஆனால் வெயிலில் தரை சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. பந்து குதித்தது, உருண்டது, மறுபடி உருண்டது.

"போ... போ... போ..." என்று சிரில் அண்ணனே கத்த ஆரம்பித்துவிட்டார்.

கிரீனில் ஏறி, கொடியைச் சுற்றிக்கொண்டு போய், கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஃபெலிசியா ஓடியே இறங்கினாள். குனிந்து பார்த்து, ஒரு தட்டு. உள்ளே போனது. இரண்டே அடியில் குழி முடிந்தது. குணவதி தன் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் மருமகளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். ஃபெலிசியாவின் தொப்பி கீழே விழுந்தது.

"அத்தே, இடுப்பு! உங்க இடுப்பு!" என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஏழாம் குழியில் தப்பு நடந்தது. குணவதி தள்ளிய பந்து குழியின் விளிம்பைத் தொட்டு, ஒரு சாண் தள்ளி நின்றது. "ச்சை" என்று சொல்லிக்கொண்டே, நான்கு வருடப் பழக்கத்தில், தானே அதை உள்ளே தட்டிவிட்டாள். குனிந்து பந்தை எடுத்து நிமிர்ந்தால், ஃபெலிசியா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தே, அது என் அடி."

முறை மாறி அடித்தால் இரண்டு அடி தண்டனை. பந்தைப் பழைய இடத்தில் வைத்து, சரியான ஆள் அடிக்க வேண்டும்.

சிரிலும் அய்யாவுவும் தங்கள் பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "நாங்க பாக்கல லா. விடுங்க" என்றார் அய்யாவு.

"நான் பாத்தேனே அங்கிள்" என்றாள் ஃபெலிசியா. குரல் மெதுவாகத்தான் இருந்தது. பந்தை வாங்கி, வைத்து, தட்டினாள். "ரெண்டு கூட்டி எழுதிக்குங்க."

குணவதிக்கு முகம் சூடேறியது. எட்டாம் குழியில் ஆத்திரத்தோடு அடித்தாள். பந்து மணற்குழிக்குள் போனது. ஃபெலிசியா எடுத்துவிட்டாள். அப்படியே ஒன்பதாம் குழியும் முடிந்தது. மொத்தம் ஐம்பத்தேழு அடி.

அதே ஒன்பது குழியை இன்னொரு சுற்று ஆட வேண்டும். நடுவில் பதினைந்து நிமிடம் பசியாற விட்டார்கள். கொட்டகையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலமும், நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீயும். குணவதி பொட்டலத்தைப் பிரித்தாள். சாப்பிடவில்லை.

"எல்லார் முன்னுக்கும் சொல்லணுமா அது?"

ஃபெலிசியா குவளையைக் கீழே வைத்தாள். "தப்பு தப்புதானே அத்தே. வேலையிலயும் நான் இப்படித்தான். சரியில்லாத சாமானைப் பாத்துட்டு பாஸ் பண்ண எனக்கு வராது."

"நீ சொன்னது எனக்குக் கோவமில்ல. நான் தட்டப் போறப்பவே நீ பாத்த இல்ல? அப்பவே நில்லுங்கன்னு ஒரு கத்து கத்தியிருந்தா நான் நின்னிருப்பேனே!"

ஃபெலிசியா விழித்தாள். "உங்களைப் பாத்து எப்படி அத்தே கத்துறது?"

"ஏன், கத்தினா என்ன? நான் நாப்பது பேரை ஏத்திக்கிட்டு பஸ் ஓட்டுறவ. சிக்னல்ல நின்னா கத்துவாங்க, நிக்காட்டி கத்துவாங்க. கத்துனாத்தான் எனக்குக் காது கேக்கும். நீ பரவால்ல பரவால்லன்னு சொல்லிச் சொல்லியே என்னைக் கொல்லுற."

ஃபெலிசியா, குணவதி தொடாத பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்து, அதிலிருந்த நெத்திலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "சரி. அப்ப ஒண்ணு சொல்லவா? எல்லாக் குழிக்கும் அந்தப் பெரிய மட்டையைத் தூக்குறீங்களே, அதைப் பையிலேயே வைங்க. ஏழாம் நம்பர் மட்டை போதும்."

"ஏழாம் நம்பர்ல தூரம் போவாதே."

"உங்களுக்குப் போகும். காலையில ஆறாம் குழில போச்சு இல்ல? மெதுவா அடிச்சீங்க, போச்சு."

"எப்பலேருந்து இதைச் சொல்லணும்னு இருந்த?"

"அக்டோபர்லேருந்து" என்றாள் ஃபெலிசியா. குணவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாம் சுற்றில் நடந்ததை அய்யாவு பிறகு தன் டயர் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். மாமியாரும் மருமகளும் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த பாக்கி இலையும் உதிர்ந்துவிட்டதாம்.

பத்தாவது குழியை இந்தத் தடவை குணவதி ஆரம்பித்தாள். ஏழாம் நம்பர் மட்டை. நேராகப் போனது. "அப்படித்தான்!" என்று கத்தினாள் ஃபெலிசியா. பன்னிரண்டில் குணவதி தன்னையறியாமல் பெரிய மட்டையின் உறையைக் கழற்றினாள். "வைங்க அதை!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வைத்துவிட்டாள். பதின்மூன்றில், இலை கிடந்த பக்கமாக ஃபெலிசியா குறி வைத்தபோது, "இந்தப் பக்கம் திரும்பு, திரும்புடி, இன்னும்!" என்று குணவதி கத்தினாள். 'டி' என்று வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஃபெலிசியா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. திரும்பினாள், அடித்தாள், பந்து புல்லில் கிடந்தது. எல்லாம் நன்றாகவே போனது என்று சொல்ல முடியாது. பதினைந்தாவதில் ஃபெலிசியாவே மணற்குழிக்குள் தள்ளிவிட்டாள். குணவதி அதை வெளியே எடுக்க வீசிய வீச்சில் மணல்தான் வெளியே வந்தது. "நீயே எடுத்துக்கோ உன் பந்தை!" "நம்ம பந்து அத்தே!" என்று இருவரும் குழிக்குள் நின்று மல்லுக்கட்டினார்கள். சிரில் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.

கடைசிக் குழிக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் முடித்தவர்கள் எல்லாம் கொட்டகையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழிக்கு முன்னால் ஒரு குளம். குணவதி ஆரம்பித்தாள், ஃபெலிசியா நகர்த்தினாள், மூன்றாவது அடியில் குளத்தைத் தாண்ட வேண்டியது குணவதி. தாண்டவில்லை. பந்து குளத்துக்குள் விழுந்தது. ஆனால் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. ஒரு மாத வெயிலில் குளத்தில் பாதி வற்றி, சேறு காய்ந்து, தட்டுத் தட்டாக வெடித்துக் கிடந்தது. பந்து அப்படி ஒரு தட்டின் மேல் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. அதற்கு நாலடி தள்ளி, ஆள் நீளத்துக்கு ஒரு பியாவாக் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. முதலைக்குத் தம்பி மாதிரி இருக்கும் அந்த உடும்பு.

"விட்டுட்டு ஒரு அடி தண்டனை வாங்கிக்கலாம்" என்றாள் குணவதி.

"முடியாது. பந்து நல்லாக் கிடக்கு" என்றாள் ஃபெலிசியா. வெள்ளைச் சப்பாத்தோடு சரிவில் இறங்கிவிட்டாள்.

"ஏய், அது கடிக்கும்டி!"

"அப்ப நீங்க வந்து தொரத்துங்க!"

குணவதியும் இறங்கினாள். பெரிய மட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் இடத்தை மறித்து நிற்கிறவர்களை அதட்டுகிற அதே குரலில், "உள்ள போ! உள்ள போ!" என்றாள். பியாவாக் தலையைத் தூக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தது. நாக்கை நீட்டியது. பிறகு, பெரிய மனது பண்ணுகிற மாதிரி, மெதுவாகத் தண்ணீருக்குள் நகர்ந்து போனது. கொட்டகையிலிருந்து விசில் பறந்தது.

ஃபெலிசியா வீசினாள். காய்ந்த சேறு நாலா பக்கமும் சிதறியது. பந்து மேலே எழுந்து, கரையைத் தாண்டி, கிரீனில் விழுந்தது. முகமெல்லாம் மண்ணோடு அவள் ஏறி வந்தபோது, குணவதி தன் துண்டால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள். பிறகு தூரத்திலிருந்து தள்ளினாள். பந்து குழிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. கடைசி அடி ஃபெலிசியா. அவள் மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"பஸ்ஸு நிக்காதும்மா, சீக்கிரம் ஏறு!" என்று குணவதி கத்தினாள்.

ஃபெலிசியா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே தட்டினாள். உள்ளே.

இரண்டாம் சுற்று நாற்பத்தெட்டு. மொத்தம் நூற்றைந்து. பத்தொன்பது ஜோடியில் ஏழாவது இடம். சிரிலும் அய்யாவுவும் நூற்றேழு. பதறாத சிரில் அண்ணனைத் தாண்டிவிட்டோம் என்பதில்தான் குணவதிக்குப் பெருமை. ஆறாம் குழியில் கொடிக்கு மிக அருகில் அடித்தவருக்கு ஒரு ரைஸ் குக்கர் பரிசு. அதுவும் கடைசி நேரத்தில், யான் என்கிற ஊரிலிருந்து வந்த ஒரு வாத்தியார் ஒரு சாண் கிட்டத்தில் அடித்து, கையைவிட்டுப் போனது. பரிசு என்று ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிய பேச்சில், கணவர் நடராஜாவுக்கும் மகன் ஜெயகுமாருக்கும் யார் ஜெயித்தார்கள் என்பதே புரியவில்லை. பியாவாக் மட்டும்தான் புரிந்தது. அன்று மதியம் ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு ஃபெலிசியா, "அத்தே, புளி ஜாஸ்தி" என்றாள். குணவதி பானையோடு எழுந்து போய், முணுமுணுத்துக்கொண்டே வெந்நீர் கலந்து கொண்டுவந்தாள். ஜெயகுமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

மார்ச்சில் ஜெராய் மலையடிவாரத்துத் திடல் ஒன்றில் அடுத்த ஜோடி ஆட்டம். இந்தத் தடவை குலுக்கல் கிடையாது, யாரோடு வேண்டுமானாலும் சேரலாம். ஷாமளா கேட்பதற்குள் இருவர் பெயரையும் குணவதியே எழுதிவிட்டாள். ஏழாம் இடத்திலிருந்து மூன்றாம் இடம் என்று கனவு கண்டுகொண்டு போனார்கள். வயல்வெளியிலிருந்து வந்த காற்று பந்தை இஷ்டத்துக்குத் தூக்கிப் போட்டது. குணவதி பெரிய மட்டையை எடுத்தாள், ஃபெலிசியா தடுக்கவில்லை. அதற்கு அப்புறம் எதுவும் நேராகப் போகவில்லை. நூற்று முப்பத்தொன்று. பதினெட்டு ஜோடியில் பதினெட்டாவது. கடைசியாக வந்தவர்களுக்கு என்று மூக்கைத் துளைக்கிற பெத்தாய்க் காய் ஒரு கட்டைக் கொடுத்து, கைதட்டிப் படமும் எடுத்தார்கள்.

திரும்பும்போது ஃபெலிசியா காடி ஓட்டினாள். பெத்தாய் வாசனை வண்டி முழுக்க நிறைந்திருந்தது.

"மூணாம் குழிலதான் எல்லாம் போச்சு" என்றாள் குணவதி. "நீ அந்த வாய்க்கால்ல தள்ளின இல்ல?"

"தள்ளினது நானா? அதுக்கு முன்னால அந்த மாட்டுக்கொட்டகை பக்கம் அடிச்சது யாரு?"

"காத்துடி அது!"

"காத்து எனக்கும்தானே அடிச்சது?"

"அதைத்தான் நானும் சொல்றேன். நீ காத்தைப் பாக்காம அடிச்ச."

"பாத்துத்தான் அடிச்சேன்! நீங்கதான் பக்கத்துல நின்னு 'அடி அடி'ன்னு கத்துனீங்க!"

குருண் தாண்டி, சுங்கை பட்டாணி தாண்டி, கூலிம் வந்து சேர்கிற வரைக்கும் மூன்றாம் குழி முடியவில்லை.